சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் பாயும் இளஞ்சேவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து கோழி, ஓரிரு குழந்தைகள், நடுவில் புதிதாகக் கூவப் பழகிய ஒரு சேவல். இப்படி ஒரு வீட்டில் என்றாவது ஒருநாள் அலறல் கேட்கும். என் மகளுக்கு நாலு வயதானபோது எங்கள் வீட்டிலும் கேட்டது. அவள் முதுகில் மூன்று கீறல். அதுவரை அந்தச் சேவலை நான்தான் "பாவம், சாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சேவலைத் திருத்துவது, வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது எல்லாம் பிறகு யோசிக்கலாம். குழந்தையையும் அதையும் பிரித்து வைப்பது மட்டும் இன்றைக்கே நடக்க வேண்டும்.

குஞ்சிலிருந்தே கையில் வளர்த்தது. மடியில் தூங்கும். திடீரென்று ஏன் பாய்கிறது?

வயசுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இளஞ்சேவலின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும். கொண்டையும் தாடியும் சிவந்து பெருக்கும், தொண்டை கட்டிய மாதிரி கூவிப் பழகும், பெட்டைகளைத் துரத்தி மிதிக்கப் பார்க்கும். கூடவே, இந்தக் கூட்டத்தில் தன் இடம் எது என்று ஒவ்வொருவரிடமும் சோதித்துப் பார்க்கும்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப், சிறுவனாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து கவனித்து, 1920களின் தொடக்கத்தில் இதை முறையாக எழுதி வைத்தார். மனிதரைக் கண்டு ஒதுங்கும் சேவல் அந்த வரிசையில் நம்மைச் சேர்ப்பதில்லை. மடியில் வளர்ந்ததோ நம்மையும் கூட்டத்தில் ஒருவராக எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் ரொம்பக் கொஞ்சி வளர்த்த சேவல் ஆளைப் பாய்வது அதிகம் என்று பலரும் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். இதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை. அதற்கு நாம் பெரிய, இறக்கை இல்லாத ஒரு கோழி.

பெரியவர்களை ஒன்றும் செய்வதில்லை. குழந்தையை மட்டும் ஏன் குறிவைக்கிறது?

உயரம் ஒரு காரணம். மூன்று வயதுக் குழந்தை குனிந்தால் சேவலின் கண்ணுக்கு நேரே முகம் வரும். இன்னொன்று, குழந்தை ஓடும். ஓடுவது என்றால் சேவலின் கணக்கில் தோற்றுவிட்டது என்று அர்த்தம். தோற்றவரைத் துரத்தி அடித்தால்தான் வெற்றி உறுதியாகும். கத்தல், கையை வீசுவது, பறக்கும் பாவாடை, சரசரக்கும் காலணி எல்லாம் அதை உசுப்பிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. குழந்தை ஒரு பெட்டைக்கோழியைப் பிடித்துத் தூக்கும்போது அது கீச்சிடும். அந்தக் குரல் கேட்டதும் ஓடிவந்து எதிரியை அடிப்பது சேவலின் வேலை. "சும்மா நின்றவனைப் பாய்ந்தது" என்று சொல்லப்படும் சம்பவங்களைக் கொஞ்சம் தோண்டினால், அதற்கு முன்னால் யாரோ ஒரு கோழியைத் துரத்தியிருப்பார்கள், அல்லது குஞ்சைக் கையில் எடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. மகள் கையில் அப்போது ஒரு பெட்டை இருந்தது.

பாயப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். ஆனால் அடையாளங்களை நாம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிடுவோம்.

ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி இறக்கி, பக்கவாட்டில் கால் வைத்து நம்மைச் சுற்றி ஓர் ஆட்டம் போடும். பெட்டையை மயக்கவும் இதே ஆட்டம்தான், எதிரியை மிரட்டவும் இதே ஆட்டம்தான். மனிதரிடம் ஆடினால் மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகைக் குடை போல விரிப்பது. இது வந்துவிட்டால் பாய்ச்சலுக்கு அதிக நேரம் இல்லை. சில சேவல்கள் அதற்கு முன் தரையில் எதையோ கொத்துவது போலப் பாசாங்கு செய்யும். தீனி எதுவும் இருக்காது, ஒரு கண் மட்டும் நம்மேலேயே இருக்கும்.

இன்னும் மெல்லிய அறிகுறிகளும் உண்டு. நாம் போகும் பாதையில் குறுக்கே வந்து நிற்பது, கிட்டே போனாலும் வழி விடாமல் முறைப்பது, திரும்பி நடந்தால் பின்னாலேயே நாலடி வருவது, காலணி நுனியைக் கொத்திவிட்டு ஓடுவது. "செருப்பைத்தானே கொத்துகிறது" என்று விட்டால் அடுத்த வாரம் கணுக்கால், அதற்கடுத்த வாரம் முழங்கால். குழந்தை என்றால் முழங்காலுக்கு மேலே முகம்தான்.

இன்று பாய்ந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தையைத் தூக்குங்கள், காயத்தைப் பாருங்கள், பிறகு சேவலைப் பிடித்து அடைத்து வையுங்கள். பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தாலும் சரி, தனிக் கூண்டானாலும் சரி. அதன்பின் குழந்தை வெளியே இருக்கும் நேரத்தில் சேவல் உள்ளே, சேவல் வெளியே இருக்கும் நேரத்தில் குழந்தை உள்ளே. இந்த ஏற்பாட்டுக்கு விதிவிலக்கே வேண்டாம். "ஒரு நிமிஷம்தானே" என்று விட்ட நிமிஷத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

நிரந்தரமாகப் பிரிக்க வேலி போடுவதானால் ஆள் இடுப்பு உயரம் போதாது. இளஞ்சேவல் சுலபமாக ஏறித் தாண்டும். மேலேயும் மூடிய அடைப்பு நல்லது. கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பகலில் பிடிக்க முடியாமல் போக்குக் காட்டினால் இருட்டும்வரை பொறுங்கள். கோழிகளுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. இரவில் அடைந்த இடத்தில் சத்தமில்லாமல் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் பெரும்பாலும் அடங்கி வரும்.

காயத்தை எப்படிக் கவனிப்பது?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாக, பல நிமிடங்கள் கழுவுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கையில் கிடைத்த பொடியை எல்லாம் அப்பாதீர்கள்.

கீறலைவிடக் குத்துக்காயம் மோசம். சேவலின் காலில் பின்பக்கம் உள்ள முள் அல்லது நகம் இறங்கிய இடம் வெளியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும், ஆழம் தெரியாது. கோழிக் காலில் மண்ணும் எச்சமும் ஒட்டியிருக்கும். தசைவிறைப்பு நோயை, அதாவது டெட்டனஸை, உண்டாக்கும் கிருமி மண்ணில் வாழ்வது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது ஏதாவது தவணை விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகம், கண்ணைச் சுற்றிய இடம், விரல் மூட்டு, இவற்றில் எங்கே பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கண்ணிலேயே பட்டிருந்தால் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டில் உள்ள சொட்டு மருந்தை விடக் கூடாது. ஒரு காகிதக் கிண்ணத்தைக் கண்மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி நேரே மருத்துவமனை. மற்ற காயங்களில் ஓரிரு நாளில் சிவப்பு பரவுவது, வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல் இருந்தால் காட்டிவிட வேண்டும்.

நாய் கடித்தால் போடுவது போல ரேபிஸ் ஊசி வேண்டுமா?

வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். கோழி கொத்தி வருவதில்லை.

கோழியிடமிருந்து வரக்கூடிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமியைத்தான் கவனிக்க வேண்டும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் இறகிலும்கூட அந்தக் கிருமி இருக்கலாம். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது கடுமையாகத் தாக்கும். கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குஞ்சுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. சேவல் பாய்ந்தாலும் பாயாவிட்டாலும் இந்த விதி பொருந்தும்.

நான் இருக்கும்போது என்மேல் பாய்ந்தால் என்ன செய்வது? ஓங்கி ஓர் உதை விட்டால் அடங்காதா?

அடங்காது. உதை என்பது சேவலின் மொழியில் "வா, சண்டைக்கு வா" என்ற பதில். இரண்டு சேவல்கள் மோதிக்கொள்வதே காலால் அடித்துத்தானே. ஒரு தடவை பயந்து ஓடினாலும் மறுநாள் இன்னும் கோபத்தோடு வரும், அதுவும் நாம் முதுகைக் காட்டும்போது வரும். அதோடு, ஆத்திரத்தில் விட்ட உதையில் சேவலின் எலும்பு முறிந்தால் அதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

ஓடவும் வேண்டாம். நேராகத் திரும்பி நில்லுங்கள். கையில் வாளியோ தட்டோ முறமோ இருந்தால் காலுக்கு முன்னே பிடியுங்கள். (புலியையே முறத்தால் விரட்டியதாகக் கதை சொல்லும் மொழி நம்முடையது; சேவலுக்கு அது தாராளம்.) அது மோதி மோதிக் களைத்ததும், மெதுவாக ஓரடி அதை நோக்கி வையுங்கள். பின்வாங்கினால் இன்னும் ஓரடி. அது வேறு பக்கம் பார்த்து மேயப் போகும்வரை இடத்தை விட்டு நகர வேண்டாம். நாம் முதலில் விலகினால் அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது அதுதான்.

இதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தையைச் சேவலை எதிர்த்து நிற்கச் சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தரையில் அமுக்கிப் பிடிப்பது, தலைகீழாகத் தூக்குவது, இதெல்லாம் பலிக்குமா?

ஆளுக்கொரு கருத்து உண்டு. தலைகீழாகத் தொங்கவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பறவைக்கு நம்மைப் போல, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் கிடையாது. தலைகீழாக இருக்கும்போது வயிற்றுக்குள் உள்ளதெல்லாம் மூச்சுப் பைகளை அழுத்தும், மூச்சுத் திணறும். அப்போது அது அசையாமல் கிடப்பதைப் பணிவு என்று நினைப்பது நம் கற்பனை.

தரையில் அமுக்குவதும் பெரும்பாலும் ஒரு மல்யுத்தமாகத்தான் முடிகிறது. சில சேவல்கள் அடங்குகின்றன. சில, விட்ட கையோடு திரும்பிப் பாய்கின்றன. பிடித்தாக வேண்டும் என்றால், கக்கத்தில் இறக்கையோடு அணைத்துக்கொண்டு, வீட்டு வேலையைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடங்கள். அடி இல்லை, கத்தல் இல்லை. அது உடம்பைத் தளரவிட்ட பிறகு இறக்குங்கள். இதில் யார் கை ஓங்கியது என்ற போட்டி இல்லாததால் எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

அப்படியானால் பழக்கித் திருத்த முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

சில சேவல்களை முடியும். அதுவும் செருப்பைக் கொத்தும் கட்டத்திலேயே தொடங்கினால். தினமும் ஒரே பெரியவர், ஒரே நேரத்தில், நீளக் கால்சட்டையும் மூடிய காலணியும் போட்டுக்கொண்டு அடைப்புக்குள் போக வேண்டும். வேகமாக நேரே அதை நோக்கிப் போகாமல் இயல்பாக நடக்க வேண்டும். இறக்கையை இறக்காமல், முறைக்காமல் இருக்கும்போது ஒரு பிடி தானியம் தரையில் போடுங்கள். கையிலிருந்து ஊட்ட வேண்டாம். கையைக் கொத்துவதற்கு அது பயிற்சி ஆகிவிடும். மிரட்டல் ஆட்டம் தொடங்கினால் தானியம் இல்லை, அசையாமல் நில்லுங்கள்.

மூன்று நாலு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மூன்று மாதத்திலும் தெரியாது என்பது என் கணிப்பு. வேதனையான விஷயம், மாறிய சேவலும் உங்களிடம்தான் மாறியிருக்கும். உங்களைக் கண்டு ஒதுங்கும் அதே சேவல், மறுநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கண்டால் புதிதாகக் கணக்கைத் தொடங்கும். பகல் நீளும் பருவத்தில் வெளிச்சம் கூடக் கூட ஹார்மோனும் கூடும். அடங்கியிருந்தது அப்போது மறுபடி கிளம்பலாம். ஆகவே திருந்திய சேவலோடும் சின்னக் குழந்தையைத் தனியே விட முடியாது.

குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

ஐந்தாறு வயதுக்குக் கீழே சொல்லிக் கொடுப்பதை நம்பி எதையும் விடாதீர்கள். அந்த வயதில் பயம் வந்தால் கால் தானாக ஓடும், சொன்னது எதுவும் நினைவில் இருக்காது. அங்கே பாதுகாப்பு என்றால் தாழ்ப்பாள்தான்.

அதற்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு: கோழியைத் துரத்தாதே, பெரியவர் இல்லாமல் எந்தக் கோழியையும் தூக்காதே, சேவல் சிலிர்த்தால் ஓடாமல் அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் வா, உடனே கூப்பிடு. மேலே விழுந்துவிட்டால் இரண்டு கையாலும் முகத்தை மூடு. இவ்வளவு போதும். விளையாட்டாக நீங்கள் சேவலாக நடித்து ஒத்திகை பார்த்தால் சொன்னதைவிட நன்றாக மனதில் நிற்கும். எங்கள் வீட்டில் நான் சேவலாக நடித்தது ரொம்ப நாள் கேலிக்குள்ளானது, அது வேறு கதை.

முள்ளை வெட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

ஐந்தாறு மாதச் சேவலுக்கு முள் ஒரு மொட்டு அளவுதான் இருக்கும். வெட்ட ஒன்றும் இருக்காது. அது வயதோடு வளர்ந்துகொண்டே போவது. உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை. நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்கலாம், அது நல்லதும்கூட. அடியோடு வெட்டப் போனால் எலும்பும் இரத்தமும்தான் வரும். மழுக்கினாலும் அலகும் நகமும் இறக்கை அடியும் மிச்சம் இருக்கின்றன. காயம் குறையும், பாய்ச்சல் குறையாது.

பெட்டைகளை அதிகமாக்கினால் அடங்குமா?

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து புண்ணாகும். ஆகவே பெட்டைகளுக்காக அந்தக் கணக்கைப் பாருங்கள். ஆள்மேல் பாயும் பழக்கத்துக்கு அது மருந்து அல்ல. காக்க வேண்டிய பெட்டைகள் கூடியதும் முறைப்பு கூடிய சேவலும் உண்டு.

விரை நீக்கினால்?

கோழிக்கு விரை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அது அறுவை சிகிச்சை, கால்நடை மருத்துவரின் வேலை. உயிருக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

கட்டாயம் சேவல் வேண்டுமா? சேவல் இல்லாமல் முட்டை வருமா?

வரும். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை. சேவல் கூட்டத்தைக் காவல் காக்கும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும், தீனி கண்டால் பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டும், எல்லாம் உண்மை. ஆனால் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேவல் இல்லாமல் பெட்டைகளை மட்டும் வைத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை.

சேவலை அனுப்புவதானால், வாங்குபவரிடம் ஆளைப் பாயும் என்று சொல்லியே கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் அங்கேயும் ஒரு குழந்தை இருக்கலாம். குழந்தைகள் இல்லாத பெரிய பண்ணைக்கு இப்படிப்பட்ட சேவல் பொருந்தும். காட்டிலோ ஆளில்லாத இடத்திலோ விட்டுவிடுவது விடுதலை அல்ல. வளர்ப்புச் சேவல் அங்கே நாயிடமோ நரியிடமோ சாகும். யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அறுப்பதும் ஒரு நேர்மையான வழிதான். கோழி வளர்ப்பில் அது எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில் சேவலுக்கும் நன்மை இல்லை.

அதன் குஞ்சுகளும் அப்படியே வருமா?

மூர்க்கம் ஓரளவு வழிவழியாக வருவது. ஆளைப் பாயும் சேவலின் முட்டையை அடைவைக்காமல் இருப்பது நல்லது. பிரம்மா, கொச்சின், ஆர்பிங்டன் போன்ற கனத்த இனங்கள் பொதுவாகச் சாதுவானவை என்று பெயர் எடுத்தவை. வியப்பான விஷயம், மற்ற சேவலைக் கண்டால் உயிரை விடும் அசில் சண்டைச் சேவல்கள் பல ஆளிடம் குழைந்து நிற்கும். இனத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது.

குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். தாத்தா பாட்டிக்கு ஆபத்து உண்டா?

உண்டு, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டி ஒருவரின் காலில் சேவல் கொத்த, புடைத்துச் சுருண்டிருந்த இரத்தக் குழாயில் பட்டு, இரத்தம் போய் இறந்தார். 2019-இல் தடயவியல் மருத்துவ இதழில் இது பதிவானது. காலில் இப்படி நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின்) உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தடுமாறி விழக்கூடியவர்கள், இவர்களுக்கும் குழந்தைக்கு உள்ள அதே விதிதான்.

சேவலை அனுப்பிவிட்டோம். குழந்தை இப்போது பெட்டைக்கோழியைக் கண்டாலும் அலறுகிறாள். "சேவல் எங்கே" என்றும் கேட்கிறாள்.

பயத்தைக் கேலி செய்யாதீர்கள், "ஒன்றும் செய்யாது, தொடு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தானியம் வீசட்டும். சில வாரம் அதோடு நிற்கட்டும். உள்ளே வருகிறேன் என்று அவளே கேட்கும் நாளில் கூட்டிப் போங்கள்.

எங்கே போனது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வேறு வீட்டுக்குப் போயிருந்தால் போயிற்று என்று, அறுத்திருந்தால் அறுத்தோம் என்று, அவள் வயதுக்குப் புரியும் வார்த்தையில். கூடவே, "நீ செய்த தப்பால் அல்ல" என்றும் சொல்லிவிடுங்கள். என் மகள் அதைக் கேட்காமலேயே நாலு மாதம் மனதில் வைத்திருந்தாள். ஒருநாள் இரவு சாப்பிடும்போது, "நான் அன்னைக்கு அந்தக் கோழியைத் தூக்காம இருந்திருந்தா?" என்றாள்.